அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த சான்சூயியை இப்போது ஆன் பண்ணலாமா?

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 1980 வாக்கில் தம்மாமிலிருந்து கொண்டுவந்த சான்சூயி ஏயூ-717 ஆம்ப்ளிஃபயர் 14 வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. அப்பா காலமான பிறகு இப்போதுதான் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதோடு கனமான ஒரு இரும்புப் பெட்டியும் உண்டு என்று அம்மா சொல்கிறார்களாம், அது எங்கே போனதென்று தெரியவில்லை. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா, இல்லை மெக்கானிக் ஒருவர் சொல்வதுபோல் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் புது போர்டு போடலாமா, இல்லை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று மூன்று கேள்வி.

தம்பி, முதலில் பிளக்கைச் செருகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த இரும்புப் பெட்டி விஷயத்தை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சவூதியில் அந்தக் காலத்தில் வீடுகளில் 127 வோல்ட்தான் பெரும்பாலும் ஓடியது. அங்கிருந்து ஊருக்கு வந்தவர்கள் டூ-இன்-ஒன், மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் என்று எதைக் கொண்டுவந்தாலும் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் பெட்டியும் வாங்குவார்கள், நம் ஊர் 230 வோல்ட்டை அந்தச் செட்டுக்குத் தக்கபடி இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் கல்ஃப் வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் உறுமிக்கொண்டு கிடக்குமே, அதுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததென்றால் அப்பா இந்தச் செட்டை நேராக 230-இல் ஓட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 127-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், ஃபியூஸுக்குப் பதில் யாராவது கம்பி போட்டு வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

செட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கரண்ட் வயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை வோல்ட், எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கும். வெளிநாட்டு விற்பனைக்கென்று வந்த செட்டுகள் பலவற்றில் வோல்டேஜ் மாற்றும் செலக்டரும் இருக்கும், ஒரு அம்புக்குறி 110, 127, 220, 240 என்று ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். செலக்டர் இருந்து, அதில் 240-உம் இருந்தால் அதில் வையுங்கள், 220-இல் வேண்டாம். எங்கள் வீட்டில் இரவு 11 மணிக்கு மேல் 248 வரை மீட்டரில் பார்த்திருக்கிறேன். 220-இல் வைத்த செட்டுக்கு 240 போனால் உள்ளே எல்லா வோல்டேஜும் 9 சதவீதம் ஏறும். 50 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 54, 55 நிற்கும். நாற்பது வருடப் பழைய கண்டன்சருக்கு அந்தக் கூடுதல் நல்லதல்ல. செலக்டர் இல்லாமல் ஒரே வோல்டேஜ் மட்டும் அச்சடித்திருந்தால் அதற்குத் தக்க ஸ்டெப் டவுன் வாங்கித்தான் ஆகவேண்டும், பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்ஸைப் போல் இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் பாரத்தின் அளவு) உள்ளதாக. இப்போது ஜப்பானிலிருந்து பழைய லக்ஸ்மேன், அக்யூஃபேஸ் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இணையத்தில் எடுக்கிறார்களே, அவர்களுக்கும் இதேதான், அங்கே 100 வோல்ட்.

சரி, வோல்டேஜ் விஷயம் தெளிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நேராக ஆன் பண்ணக்கூடாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பயமுறுத்துவதுபோல் இருக்கும். உள்ளே உருளை உருளையாக நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களில் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலம்தான் இன்சுலேஷன். செட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது தன்னைத்தானே சரிசெய்துகொண்டே இருக்கும். 14 வருடம் கரண்டே பார்க்காமல் கிடந்தால் அங்கங்கே மெலிந்துபோகும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் கண்டன்சர் கரண்டைக் கசியவிடும், சூடாகும், உப்பும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். மெதுவாக ஏற்றினால் அந்தப் படலம் மறுபடி வளர வாய்ப்பு உண்டு. டிம்மர்ஸ்டாட், அதாவது திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் 30, 40 வோல்ட்டில் தொடங்கி அரை நாளில் படிப்படியாக ஏற்றுவார்.

அது இல்லாதவர்களுக்கு சீரிஸ் பல்பு போர்டு. பழைய ரேடியோ மெக்கானிக் எல்லோர் மேசையிலும் இது இருக்கும். ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், செட்டுக்குப் போகும் ஃபேஸ் லைன் 60 வாட்ஸ் குண்டு பல்பு வழியாகப் போகவேண்டும், அவ்வளவுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும், எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் இன்னும் எடுத்துத் தருகிறார்கள். ஸ்டெப் டவுன் இருந்தால் பல்பு அதற்கு முன்னால், 230 பக்கம் இருக்கட்டும். ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல், வால்யூமைக் குறைத்து வைத்து ஆன் பண்ணுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு இறங்கினால் நல்ல செய்தி. பளிச்சென்று எரிந்தது அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடுங்கள். பல்பு நடுவில் நிற்பதால் செட்டுக்கு எதுவும் ஆகியிருக்காது, வந்த வோல்டேஜையெல்லாம் பல்பு வாங்கிக்கொள்ளும். இந்த நிலையில் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே 'டக்' என்று விழாமல் போகலாம், வோல்டேஜ் போதாததுதான் காரணம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் பல்பு போடுவதற்கும் முன்னால் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். நம் மாவட்டத்தில் இது கட்டாயம். ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்து நாலு வெயில் அடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது, கருங்கலிலிருந்து கடற்கரை அதிக தூரமில்லை, உப்புக்காற்று பரணுக்கும் ஏறும். செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், சுவிட்சுக்குள் வெள்ளி முலாம் கறுத்திருக்கும், திருகாணித் தலை துருப்பிடித்திருக்கும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் பல்லி. மேல்மூடியில் சூடு போக வைத்திருக்கும் இடுக்கு வழியாக உள்ளே போய் முட்டையிடும், சில சமயம் போர்டின் மேலேயே செத்து ஒட்டிக்கொண்டு கிடக்கும். முளகுமூட்டிலிருந்து வந்த ஒரு யமஹா ஆம்ப்ளிஃபயரில் ஒரு சேனல் செத்துக் கிடந்தது, திறந்தால் இரண்டு டிரைவர் டிரான்சிஸ்டரின் காலுக்குக் குறுக்கே காய்ந்த பல்லி, அந்த இடத்தில் போர்டு கருகியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவமை எட்ட வைத்து உறிஞ்சி எடுங்கள், ஊதாதீர்கள், ஊதினால் தூசி எல்லாம் சுவிட்சுக்குள் போய் அடையும்.

சான்சூயி என்பதால் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கால ஜப்பான் செட்டுகள் பலவற்றில், குறிப்பாக சான்சூயியில், கண்டன்சர் ஆடாமல் இருக்க அடியில் ஒரு பசை போட்டிருப்பார்கள். புதிதில் அது வெளிர் மஞ்சளாக இருந்தது. வருடக்கணக்கில் சூடு பட்டு இப்போது கருப்பட்டிப் பாகு சொட்டி உறைந்ததுபோல் கறுத்து, நொறுங்குகிற பதத்தில் இருக்கும். பார்க்க ஏதோ அழுக்கு என்று தோன்றும், விட்டுவிடுவோம். ஆனால் அப்படிக் கறுத்த பசை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கடத்தும், அதைவிடக் கேடு, அதற்குள் புதைந்திருக்கும் டயோடு, ரெசிஸ்டர் கால்களை அரித்துவிடும். நான் ஒரு சான்சூயியில் பல் குச்சியால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டே போனபோது ஒரு டயோடின் கால் பசையோடு சேர்ந்து வந்துவிட்டது, கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடிதான். அதுவரை அந்தச் செட்டு மழைக்காலத்தில் மட்டும் இடது பக்கம் 'கர்ர்' என்று இரைந்துகொண்டிருந்தது, ஆறு மாதமாக ஸ்பீக்கர் வயரை மாற்றி மாற்றிப் பார்த்தவர்தான் கொண்டுவந்தார். பசை போனதும் இரைச்சலும் போனது. அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள், மரக்குச்சியால் சுரண்டவேண்டும், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் போர்டு டிராக், அதாவது போர்டில் ஒட்டியிருக்கும் செம்புக் கோடு பிய்ந்துவிடும்.

உள்ளே கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் பண்ணுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு, வேண்டாம். 10 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்று, சில நூறு ஓம் போதும், இரண்டு முனையிலும் கொஞ்ச நேரம் பிடித்து, மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது புது போர்டு போடுகிற யோசனை. என்னைக் கேட்டால் கூடவே கூடாது. ஏயூ-717, 1977-இல் வந்தது, 8 ஓமில் சேனலுக்கு 85 வாட்ஸ், அந்த வாட்ஸை இன்றைக்கு எந்தக் கடைப் போர்டிலும் எடுத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. அந்தச் சர்க்யூட்டும், டிரான்ஸ்ஃபார்மரும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பார்த்துச் செய்தவை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கறுப்பு முகப்பு உள்ள தகரப்பெட்டி. கேட்கவும் அப்பாவின் செட்டாக இருக்காது, விற்கப் போனாலும் யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, பழைய சர்க்யூட்டில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க ஆகும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால் அவர்களுக்கு இப்படிச் செய்வது கட்டுப்படியாகிறது.

அதேபோல் இருக்கிற கண்டன்சர் அத்தனையையும் ஒரே நாளில் மாற்றுவதும் எனக்குப் பிடிக்காது. எது கெடும், எது கெடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக்கின் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும், சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, தோராயமான கணக்கு, ஆனால் நடைமுறைக்கு ஒத்துவரும். 85 டிகிரி கண்டன்சர் ஹீட் சிங்குக்குப் பக்கத்தில் 65 டிகிரியில் நின்றால் 8000 மணி நேரம், தினம் 3 மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஏழு வருடம் சொச்சம். அதே செட்டில் ஓரமாக 45 டிகிரியில் நிற்பது 32,000 மணி நேரம், அதாவது 29 வருடம். இதே கணக்கில் 105 டிகிரி ரகம் 65-இல் நின்றாலே 32,000 வந்துவிடுகிறது. ஆகவே மாற்றும்போது 105 டிகிரி போடுங்கள், ஹீட் சிங்குக்கும் பவர் சப்ளை ரெகுலேட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன கண்டன்சர்களை முதலில் மாற்றுங்கள். பெரிய ஃபில்டர் கண்டன்சரை ஈஎஸ்ஆர் மீட்டரில் (கண்டன்சரின் உள் எதிர்ப்பை அளப்பது) பார்த்து, கசிவும் உப்பலும் இல்லையென்றால் விட்டுவிடலாம். பிலிம் கண்டன்சர், அதாவது மிட்டாய் போல் சப்பையாக இருப்பவை, அவற்றைத் தொடவே வேண்டாம், அவற்றுக்குள் காய்ந்துபோக எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றும்போது நல்லது பத்து மாறும், கூடவே பிளஸ் மைனஸ் மாறிப்போனது ஒன்று, டிராக் பிய்ந்தது ஒன்று என்று புதுப் பழுதும் உள்ளே வந்துவிடும், எங்கே என்று தேடவும் முடியாது.

அவுட்புட் டிரான்சிஸ்டர் நல்லதாக இருந்தால் அதைத் தெய்வமாகக் கும்பிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால ஜப்பான் டிரான்சிஸ்டர்கள் பல இப்போது உற்பத்தியில் இல்லை, சந்தையில் அதே நம்பர் அச்சடித்து வருவதில் போலி ஏராளம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, உடைத்தால்தான் உள்ளே சிலிக்கான் துண்டு அரிசி நொய் அளவுக்கு இருக்கும், வால்யூமை ஏற்றியதும் போய்விடும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நல்ல மாற்று நம்பர் பார்த்து மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற இணையக் கடைகளில் எடுக்கச் சொல்லுங்கள், விலை அதிகம்தான், ஆனால் இரண்டாம் முறை எரியாது. இன்னொன்று, இந்தியாவில் பின்னாளில் சான்சூயி என்ற பெயரில் வந்த டிவிக்கும் உங்கள் செட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. சர்வீஸ் சென்டரில் கேட்டு அலையவேண்டாம். சர்வீஸ் மேனுவல் இணையத்தில் ஹைஃபை எஞ்சின் போன்ற தளங்களில் தேடினால் கிடைக்கும், அதை இறக்கி அச்செடுத்து மெக்கானிக் கையில் கொடுங்கள். அதை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறவர் என்றால் நம்பிச் செட்டைக் கொடுக்கலாம், இதெல்லாம் எதுக்கு என்று ஓரமாக வைக்கிறவர் என்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நாகர்கோவிலில் சரியான ஆள் அமையவில்லை என்றால் திருவனந்தபுரம் போய்வருவதுகூடத் தப்பில்லை.

வேலை முடிந்து வந்ததும் நீங்களே சோதிக்க இரண்டு அளவுகள் இருக்கின்றன, சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். ஸ்பீக்கர் மாட்டாமல், ஆன் பண்ணிப் பத்து நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் டெர்மினலின் சிவப்பிலும் கறுப்பிலும் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 50-க்குள் இருந்தால் நல்லது, 10, 20 என்றால் ரொம்ப நல்லது, 100-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள். இந்த டிசி நேராக ஸ்பீக்கர் காயிலுக்குப் போகிறது, பாட்டு இல்லாமலே கோனைத் தள்ளி வைத்திருக்கும். இரண்டாவது பயஸ், பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடவேண்டிய சிறு கரண்ட், அதை அளப்பது கொஞ்சம் உள்ளே போகவேண்டிய வேலை. அவுட்புட் டிரான்சிஸ்டரோடு வெள்ளைச் செங்கல் மாதிரி நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் அளந்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று தெரியும். 0.22 ஓமில் 11 மில்லிவோல்ட் என்றால் 50 மில்லி ஆம்பியர். உங்கள் செட்டுக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். பயஸ் வைக்கும் சின்ன டிரிம்மருக்குள் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) துருப்பிடித்து அதன் தொடுமுனை விட்டுப்போனால் சில வடிவமைப்புகளில் பயஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் மொத்தமும் எரிந்துவிடும், அதனால் அந்த டிரிம்மரைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், இருப்பதிலேயே குறைந்த செலவு அதுதான். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் களிம்பு சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கும், அதையும் துடைத்துப் புதிதாகத் தடவவேண்டும்.

வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு, ஒரு பக்கம் வந்து வந்து போவது, இதெல்லாம் பெரும்பாலும் அழுக்குதான். அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு சொட்டு விட்டு முப்பது தடவை திருகினால் போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், அன்றைக்கு சரியாகும், ஒரு மாதத்தில் தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்னைவிட மோசமாகும். ஸ்பீக்கர் ரிலே கறுத்திருந்தால் எமரி பேப்பர் போடக்கூடாது, மேலே இருக்கும் வெள்ளி முலாம் போனால் அதோடு முடிந்தது. புது ரிலே போட்டுவிடுவதே நல்லது.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன், நீங்கள் இதைச் செய்யாமல் இருக்க. என்னிடம் ஒரு மராண்ட்ஸ் 2270 ரிசீவர், அதாவது ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஒருமுறை ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியபோது ஃபியூஸ் இடத்தில் செம்பு இழை சுற்றியிருந்ததைப் பார்த்தேன், சரியான ஃபியூஸ் வாங்கிப் போடலாம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, சுவிட்சை அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை, வீட்டுக்கூரையைப் பார்க்கவா ரப்பர் மரம் விழுவதைப் பார்க்கவா என்ற நிலைமை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எட்டு நாள் ஆனது. வந்த அன்றே இரவில் இன்னொரு கொப்பு முறிந்து லைனில் விழுந்து நியூட்ரல் அறுந்துவிட்டது. நியூட்ரல் அறுந்தால் 230 எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது, 400 பக்கம்கூட ஏறும். ஃபிரிட்ஜ் போனது, இரண்டு ஃபேன் போனது, மராண்ட்ஸிலிருந்து வார்னிஷ் கருகும் நாற்றம். சரியான ஃபியூஸ் இருந்திருந்தால் அது அறுந்து செட்டு பிழைத்திருக்கும். செம்பு அறுந்துகொடுக்கவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி எரிந்தது, பெரிய கண்டன்சர் இரண்டும் தலை உப்பி நின்றன.

கோட்டாறு பக்கம் மோட்டார் காயில் கட்டும் ஒரு அண்ணாச்சி அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தார். நான் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்திருப்பேன். பழைய கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, ஒரு வரிசை முடிந்ததும் பழைய பள்ளிக்கூட நோட்டில் சுற்று எண்ணிக்கையை எழுதுவார், கம்பியின் தடிமனை கேஜில் பார்த்து அதையும் எழுதுவார், எந்த இடத்தில் கலர் வயர் வெளியே வருகிறது என்று படம் போட்டுக்கொள்வார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, எண்ணிக்கை விட்டுப்போகுமே. புதுக்கம்பி சுற்றி, வரிசைக்கு வரிசை இன்சுலேஷன் தாள் வைத்து, வார்னிஷில் முக்கி, இரண்டு நாள் காயவைத்துத் தந்தார். இன்றைக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் ஓடுகிறது, காதை வைத்துக் கேட்டால்கூட உறுமல் இல்லை. அவருக்கு ஆம்ப்ளிஃபயர் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பழையது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்கவேண்டும் என்பது தெரியும். உங்கள் செட்டைக் கொடுக்கும்போதும் அந்த மாதிரிக் கையைத்தான் தேடச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து செட்டுக்கு முன்னால், வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ தானாகத் துண்டித்துக்கொள்ளும் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று போட்டிருக்கிறேன். டப் டப் என்று ரிலே அடிக்கும் மலிவான ஸ்டெபிலைசரை நான் போடுவதில்லை. இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுவேன், கேபிள் டிவி வயரோ டிஷ் வயரோ செட்டோடு சேர்ந்திருந்தால் அதையும்.

செட்டு நல்லபடியாக வந்துவிட்டால் அப்புறம் பராமரிப்பு ரொம்பக் கஷ்டமில்லை. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். எம்பிராய்டரி துணி, செட்டாப் பாக்ஸ், குத்துவிளக்கு எதுவும் மேலே ஏறக்கூடாது, வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. ஸ்டீல் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். பின்பக்க இடுக்குக்குப் பெரிய கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை ஒன்றை வெளியிலிருந்து பொருத்தினால் பல்லி வராது, காற்றும் போகும், கொசுவலை போட்டால் சூடு அடையும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும். ஓடும்போது இருக்கிற சுவிட்ச், குமிழ் எல்லாவற்றையும் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள், உபயோகிக்காத ஃபோனோ, டேப் சுவிட்சையும் சேர்த்துத்தான். ஸ்பீக்கர் ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போட்டு 4 ஓம் ஸ்பீக்கர் நாலை மாட்டுவது கல்யாண வீட்டு வேலை, இந்த வயதில் அந்தப் பாரம் அதற்கு வேண்டாம்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். ஓடாத நிலையில் விற்றால் பழைய இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான். வாங்குகிறவர் சரிசெய்து நல்ல விலைக்குக் கொடுப்பார். விற்பதென்றாலும் சரிசெய்துவிட்டு விற்பதுதான் கணக்கு. ஆனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், ஒரு மாசம் வீட்டில் பாடவிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்பா பாலைவனத்தில் உழைத்த காசில் எடுத்துவந்த சாமான், அம்மாவும் அதில் கேட்டிருப்பார்கள்.

இப்போதைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். பின்பக்கம் அச்சடித்திருக்கும் எழுத்தையும், செலக்டர் இருந்தால் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஃபியூஸைக் கழற்றி அதன் தொப்பியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அம்மாவிடம் அந்த இரும்புப் பெட்டியைப் பற்றி இன்னொரு தடவை கேளுங்கள். பரணில் இல்லையென்றால் பழைய மிக்ஸியோடோ கிரைண்டரோடோ எங்காவது கிடக்கும், அந்தக் கனத்தைத் தூக்கி அவ்வளவு சீக்கிரம் யாரும் வெளியே போட்டிருக்கமாட்டார்கள்.